எட்டாம் இலக்கு ஜீப்

உங்கள் இலக்கு என்ன என்று பொன்னாயியை அதுவரை யாரும் கேட்டதில்லை. இத்தனை வருடமாக மிளகு பறித்திருக்கிறாள், மரவள்ளி பிடுங்கியிருக்கிறாள், ஒரு பெண்ணைப் பெற்று வளர்த்துக் கட்டிக்கொடுத்திருக்கிறாள். எல்லாவற்றையும் இலக்கு இல்லாமலேயே செய்து முடித்திருந்தாள். ஆகவே சென்னையிலிருந்து போனில் ஒரு குரல் அப்படிக் கேட்டபோது, தப்பான நம்பர் என்று நினைத்துக் கட் செய்துவிட்டாள்.

குரல் மறுபடியும் வந்தது. குழிவளவுக்கு ஜீப் வாங்கிக் கொடுத்த அறக்கட்டளையின் குரல் அது. பாறைமேல் உட்கார்ந்திருந்த பொன்னாயி இந்த முறை எழுந்து நின்று பேசினாள். அந்த ஊரில் பாறையில் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். பாறை அவள் வீட்டுக்குப் பின்னால் இருந்தது. ஜீப் சங்கத்துக்கு அவளைச் செயலாளர் ஆக்கியதற்கு வேறு காரணம் எதுவும் கிடையாது.

குழிவளவு பெயருக்கேற்ற ஊர். வாசலூர்பட்டிப் பக்கம் தார் ரோடு முடிகிற முனையிலிருந்து, கல்லும் வேருமாக ஒரு தடம் கீழே இறங்கும். அது எங்கே முடிகிறதோ அங்கே ஊர். ஆம்புலன்ஸ் தார் ரோட்டு முனை வரைக்கும் வந்து நிற்கும். அதற்குக் கீழே இறங்கினால் திரும்ப ஏறாது. அது அந்த வண்டியின் குற்றமல்ல, தடத்தின் குற்றம். முன்பெல்லாம் முடியாதவர்களைக் கம்பளியில் கிடத்தி, மூங்கிலில் கட்டித் தூக்கிக்கொண்டு ஏறுவார்கள். ஏறும்போதே பாதி வழியில் போய்ச் சேர்ந்தவர்கள் உண்டு. பொன்னாயியின் தங்கை தலைப்பிரசவத்துக்கு அப்படித்தான் புறப்பட்டாள்; தார் ரோட்டைப் பார்க்கவில்லை. ஜீப் வந்த பிறகு அப்படி யாரும் சாகவில்லை. முடியாதவர்களைத் தவிர வேறு யாரையும் எதையும் ஏற்றக் கூடாது, மிளகு மூட்டையைக்கூட ஏற்றக் கூடாது என்பது சங்கத்தின் ஒரே சட்டம். அதுவரை அதை மீறியவர் இல்லை.

"மார்ச் மாசத்துக்குள்ள உங்க சங்கத்துக்கு வகைப்பாடு வந்தாகணும்மா. வரலைன்னா ஜீப்பைத் திருப்பி எடுத்துக்குவோம். எங்களுக்கும் மேலிடத்து உத்தரவு" என்றது குரல்.

"வகைப்பாடுன்னா என்னுங்க?"

"கூட்டத்துல சொல்வாங்க. வந்துடுங்க."

பொன்னாயி விரல்விட்டு மாதங்களை எண்ணினாள். திருப்பூரில் இருக்கும் மகள் கலைமணி மாசமாக இருந்தாள். தலைப்பிரசவம். தாய் வீட்டில்தான் பார்க்க வேண்டும், வைகாசியில் பேறுகாலம். ஜீப் மார்ச்சில் போய்விட்டால் வைகாசியில் கம்பளியும் மூங்கிலும்தான்.

கூட்டம் சேந்தமங்கலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் மணமக்கள் உட்காரும் சிங்கார நாற்காலியில் தலைமை வகைப்பாட்டு நிபுணர் டாக்டர் குணசேகரன் உட்கார்ந்திருந்தார். தொண்டு நிறுவனங்களின் இலக்கு மற்றும் தொழில்நுட்ப வகைப்பாட்டு மையம் என்று அவருக்குப் பின்னால் பேனர் கட்டியிருந்தார்கள். அவருக்குப் பக்கத்தில் தொழில்நுட்பத் தர அலுவலர் அனுராதா மடியில் ஒரு டேப்லெட்டை வைத்துக்கொண்டு, யாராவது பேசினால் அதில் எதையோ தொட்டுக்கொண்டிருந்தார்.

உலகத்துக்குப் பதினேழு வளர்ச்சி இலக்குகள் இருக்கின்றன என்று குணசேகரன் தொடங்கினார். பதினேழுக்கும் பதினேழு நிறம். தமிழ்நாட்டில் நடக்கிற ஒவ்வொரு நல்ல காரியமும் இந்தப் பதினேழில் ஒன்றில் விழுந்தாக வேண்டும். விழாதவை நல்ல காரியமாகத் தோற்றமளிக்கலாம், ஏமாந்துவிடக் கூடாது.

"சேவை யார் வேண்டுமானாலும் செய்யலாம். வகைப்படுத்துவதுதான் கடினம்" என்றார் அவர். "வகைப்படுத்தப்படாத சேவை, சேவையே அல்ல. அது வெறும் உதவி. நான் எத்தனையோ ஆண்டுகளாகத் தொண்டு நிறுவனங்களை வகைப்படுத்தி வருகிறேன். இன்றுவரை ஒரு நிறுவனத்துக்குள்ளும் கால் வைத்ததில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். நேரில் பார்த்தால் பாரபட்சம் வந்துவிடும்."

கைதட்டினார்கள். பொன்னாயியும் தட்டினாள்.

வகை கிடைத்தவர்களுக்கு அவரவர் இலக்கின் நிறத்தில் தொப்பி கொடுத்தார்கள். கிடைக்காதவர்களுக்கு வெள்ளைத் தொப்பி. சாப்பாட்டுப் பந்தியும் நிற வரிசையில்தான். வெள்ளைத் தொப்பிகள் கடைசிப் பந்தி. அதற்குள் பாயசம் தீர்ந்திருந்தது. பொன்னாயிக்குப் பக்கத்து இலையில் உட்கார வந்தவர் மட்டும் சிவப்புத் தொப்பி வைத்திருந்தார். பேளுக்குறிச்சியில் ஏழைகளுக்கு இலவசமாகக் கண்ணாடி கொடுக்கும் மணிவண்ணன் என்று சொன்னார். முதல் பந்தியிலேயே சாப்பிட்டுவிட்டாராம். மனசு கேட்காமல் இங்கே வந்து உட்கார்ந்தாராம்.

"உங்களுக்கு வகை கிடைச்சிருச்சுங்களா?" என்று பொன்னாயி கேட்டாள்.

"கெடைச்சுதுங்க. நாலாவது இலக்கு, தரமான கல்வி."

"கண்ணாடிக்குங்களா?"

"கண்ணாடி போட்டாத்தானுங்களே படிக்க முடியும். அதனால கல்வியாமா. ஒரே ஒரு சிக்கலுங்க. இனிமே எழுதப் படிக்கத் தெரிஞ்சவிங்களுக்கு மட்டுந்தான் கண்ணாடி குடுக்கணும்னு போட்டிருக்காங்க. எங்கிட்ட வாரதுல முக்காவாசிப் பேரு கைநாட்டுங்க." அவர் பொன்னாயியின் இலையில் விழுந்த ரசத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

பந்தி முடிந்ததும் வெள்ளைத் தொப்பிகளை ஒவ்வொருவராக மேடைக்கு அழைத்தார்கள். பொன்னாயி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள்.

"மூணாவது இலக்கு ஆரோக்கியம். அதுல வருமான்னு பார்ப்போம்" என்றார் குணசேகரன். "உங்ககிட்ட டாக்டர் இருக்காரா?"

"இல்லீங்க. டிரைவர் இருக்கான். எங்க அண்ணன் பையன் பூபதிங்க."

"டிரைவர் வைத்தியம் பார்ப்பாரா?"

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவானுங்க."

"அப்ப ஆரோக்கியம் ஆஸ்பத்திரியோட கணக்கு. அது அவங்க இலக்கு. அதை நீங்க எடுத்துக்கக் கூடாது." அடுத்த இலக்குக்குத் தாவினார். "முதல் இலக்கு வறுமை ஒழிப்பு. ஜீப் வெச்சிருக்கீங்க, வறுமை இல்லை. அஞ்சாவது பாலின சமத்துவம். ஆண்கள் ஏறுவாங்களா?"

"நோவு வந்தா ஏறுவாங்க."

"அப்ப அதுவும் இல்லை."

அனுராதா டேப்லெட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "தொழில்நுட்பம் என்ன பயன்படுத்துறீங்க? நோயாளி எப்படி உங்களைத் தொடர்பு கொள்வாங்க?"

"தட்டத்தைத் தட்டுவாங்க. பித்தளைத் தட்டம். சத்தம் கேட்டா பூபதி வண்டியை எடுத்துருவானுங்க."

அனுராதா டேப்லெட்டைத் தொட்டுப் பார்த்தார். மறுபடியும் தொட்டார். "தட்டத்துக்கு ஆப்ஷன் இல்லை சார்" என்றார் வருத்தமாக.

பொன்னாயிக்கு மேடையில் நிற்கவே கூச்சமாக இருந்தது. ஊர் முழுக்கத் தன்னை நம்பி அனுப்பியிருக்க, தட்டத்தைத் தட்டுவோம் என்று பத்துப் பேர் முன்னால் உளறிவிட்டோமே என்று நினைத்தாள். அவள் முகத்தைப் பார்த்து குணசேகரனுக்கும் இரக்கம் வந்திருக்க வேண்டும். எந்த ஊர் என்று கேட்டார். கொல்லிமலை என்றதும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இப்படிப்பட்ட சிக்கலான நேர்வுகளில் மட்டும் தம் கொள்கையைத் தளர்த்திக்கொண்டு களத்துக்கே நேரில் வருவதாகவும், சனி ஞாயிறாக இருந்தால் நல்லது என்றும் சொன்னார்.

குழிவளவில் புது ஆள் வந்தால் செய்யும் முறை ஒன்று உண்டு. நேரே வீட்டுக்குள் கூப்பிட மாட்டார்கள். முதலில் ஓடையைத் தாண்டி, கோயில்காட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாமிக்குக் காட்ட வேண்டும், பிறகு பலாச்சுளையும் தேனும் கொடுக்க வேண்டும், அப்புறம்தான் பேச்சு. இன்னொன்றும் உண்டு. விருந்தாளி காதில் முனகல் விழக் கூடாது. வீட்டில் நோவு இருக்கும்போது விருந்தாளியைக் கூப்பிட்டால், நீ வந்தது சரியில்லை என்று சொல்லாமல் சொன்னதாக ஆகிவிடும். அதனால் அந்தச் சனிக்கிழமை, காலில் ஆறாத புண்ணோடு வாரந்தவறாமல் ஜீப்பில் போய்க் கட்டு மாற்றிக்கொள்ளும் மாதேஸ்வரனைத் தூரத்துக் காட்டுக் குடிசையில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். இழுப்பு நோய்க்காரர்களை மரவள்ளிக் காட்டுக்கு அந்தப்புறம் அனுப்பினார்கள். மாசமாக இருந்த இரண்டு பெண்களை மிளகுத் தோட்டத்துக்குள் போகச் சொன்னார்கள். ஜீப்புக்கு ஆவாரம்பூ மாலை கட்டினார்கள். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

தார் ரோட்டு முனையில் குணசேகரனையும் அனுராதாவையும் ஏற்றிக்கொண்டு பூபதி தடத்தில் இறங்கினான். முதல் கல்லில் ஏறி இறங்கியபோது குணசேகரன் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஐயோ என்றார். இரண்டாவது கல்லில் சிரித்தார். ஓடையில் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு வண்டி ஏறியபோது சின்னப் பிள்ளைபோலக் கூவினார். கோயில்காட்டு விளிம்பில் நிறுத்தினால், கீழே நாமக்கல் வரைக்கும் சமவெளி விரிந்து கிடந்தது. பலாச்சுளை வந்தது. தேன் வந்தது. நிபுணர் விரலைச் சப்பிக்கொண்டே பக்கத்தில் கைகட்டி நின்ற பொன்னாயியைப் பார்த்தார்.

"எவ்வளவு நாளா நடத்துறீங்கம்மா இதை?"

"நாலு வருசமாங்க. முடியாதவிங்களுக்குத்தானுங்க வண்டி."

"அந்த முடியாதவங்க எங்கே? ஊரைச் சுத்தி வந்துட்டேன், ஒருத்தரையும் காணோமே."

பொன்னாயி திகைத்துப்போனாள். இருக்கிறார்கள் என்று சொன்னால் வந்தவரை அவமதித்ததாக ஆகும். சொல்லாவிட்டால் ஜீப் போய்விடும். மிளகுத் தோட்டத்துப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறந்ததிலிருந்து படிந்த பழக்கம்தான் ஜெயித்தது. "இன்னைக்கு யாருமில்லீங்க. எல்லாரும் சௌக்கியமுங்க" என்றாள்.

"பார்த்தீங்களா அனுராதா?" என்றார் குணசேகரன். "தரவு தானா பேசுது. இவங்களுக்கே தெரியாம இவங்க என்ன செஞ்சுக்கிட்டிருக்காங்க தெரியுமா? சாகசச் சுற்றுலா. எட்டாவது இலக்கு. பொருளாதார வளர்ச்சி."

இன்னொரு தடவை ஓடையைத் தாண்ட முடியுமா என்று அவர் பூபதியிடம் கேட்டார். ஆய்வு முழுமையாக இருக்க வேண்டுமாம்.

மார்ச்சுக்குள் வகைப்பாடு வந்துவிட்டது. குழிவளவே சந்தோஷப்பட்டது; பொய் சொல்வானேன், பொன்னாயிதான் எல்லாரிலும் அதிகமாகச் சந்தோஷப்பட்டாள். ஜீப் போகவில்லை. வாசலூர்பட்டிப் படகு இல்லத்தில் விழா வைத்து அவளுக்குச் சால்வை போர்த்தி, அரக்கு நிறத்தில் தொப்பி கொடுத்தார்கள். தொழில்நுட்பத்தில் பின்தங்கிய சங்கம் என்ற இழுக்கும் நீங்க வேண்டும் என்று, மையம் தன் செலவிலேயே ஜீப்பில் ஒரு பெட்டியைப் பொருத்தியது. ஒரு கண்ணும் ஒரு காதும் அதற்கு உண்டு. சாவியைத் திருகினால் மட்டும் வண்டி கிளம்பாது. ஏறியவர்களைப் பெட்டி பார்க்க வேண்டும், அவர்கள் செயலியில் பதிவு செய்திருக்க வேண்டும், பச்சை விளக்கு எரிய வேண்டும். பிறகு இனிமையான பெண் குரலில், சாகசப் பயணம் இனிதே தொடங்குகிறது என்று சொல்லும். வழி நெடுக வலப்புறம் என்ன, இடப்புறம் என்ன என்று வர்ணிக்கும். பயணிகள் கத்தினால் அது மகிழ்ச்சிக் கூச்சலா, அச்சக் கூச்சலா என்று பிரித்தறிந்து, அச்சமாக இருந்தால் வண்டியை நிறுத்திவிடும். இந்தியாவிலேயே இப்படி ஒரு ஏற்பாடு இல்லை என்று அனுராதா சொன்னார். அது உண்மையாகத்தான் இருக்கும்.

ஆரம்பத்தில் சமாளித்தார்கள். மாதேஸ்வரனைச் சுற்றுலாப் பயணியாகப் பதிவு செய்தார்கள். பொன்னாயி பாறைமேல் ஏறிப் பதிவு போட்டாள்; பச்சை விளக்குக்காகக் காத்திருந்து, அவன் கட்டு மாற்றப் போனான். போகும்போது நீர்வீழ்ச்சியின் அழகைப் பற்றியும், இந்த மலையை ஆண்ட ஓரி மன்னனின் கொடைத்திறம் பற்றியும் பெட்டி சொல்லிக்கொண்டே வந்தது. இறங்கியதும் அனுபவம் எப்படி இருந்தது என்று கேட்டது. மாதேஸ்வரன் புண் எரிச்சலோடு ஐந்து நட்சத்திரம் கொடுத்தான். குறைத்துக் கொடுத்தால் வண்டிக்கு ஆபத்து என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

வெளியூர்க்காரர்களும் வரத் தொடங்கினார்கள். நல்லவர்கள்தான். ஆனால் அவர்கள் பதிவு செய்திருக்கும் நேரத்தில் ஊரில் தட்டம் ஒலித்தால், பூபதி ஓடைக்குள் வண்டியை ஓட்டிக்கொண்டு தட்டச் சத்தத்தைக் கேட்டபடியே இருக்க வேண்டியதுதான். ஒரு நாள் ஆத்திரம் தாங்காமல் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினான். வண்டி அப்படியே செத்துப்போனது. சென்னையிலிருந்து ஆள் வந்து உயிர் கொடுத்து, இன்னொரு தடவை கை வைத்தால் சங்கத்தையே நீக்கிவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

சித்திரையில் பாதுகாப்பு மேம்பாடு என்று ஒன்று வந்தது. ஜீப்பின் கதவில் பளபளப்பாக ஸ்டிக்கர் ஒட்டினார்கள். பொன்னாயி எழுத்துக்கூட்டிப் படித்தாள். இது சாகசப் பயணம். கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஏற அனுமதி இல்லை.

கலைமணி அதற்கு முந்தின வாரம்தான் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். பொன்னாயி அரக்குத் தொப்பியை வைத்துக்கொண்டு, குணசேகரன் அடுத்த தடவை படகு இல்லத்துக்கு வந்தபோது அங்கே போய் நின்றாள். அவர் வேறு ஒரு நிறுவனத்துக்குச் சால்வை போர்த்தி முடித்துவிட்டு, ஏரியைப் பார்த்தபடி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க சார், பிரசவத்துக்குத்தானுங்க அந்த வண்டியே வந்துச்சு. இப்பப் பிள்ளைத்தாச்சியை ஏத்தக் கூடாதுன்னா எப்படிங்க?"

"ஏத்துனா ஆபத்தும்மா. சாகசப் பயணம். அவங்க நல்லதுக்குத்தானே சொல்றோம்."

"அப்ப எங்களை வேற வகையில போட்டுருங்க சார். அந்த மூணாவதுல."

குணசேகரன் டீயை வைத்துவிட்டு, அவளை உட்காரச் சொன்னார். கோபப்படவே இல்லை. அதுதான் பொன்னாயிக்குப் பயமாக இருந்தது.

"வகை மாற்றத்துக்கு வழி இருக்கும்மா. கடந்த ஓராண்டில் உங்க வண்டியில் போனவங்க நோயாளிகள்னு காட்டணும். ஆனா பெட்டி வெச்சதுக்கு முன்னால பதிவே இல்லை; வெச்ச பிறகு பார்த்தா, போன அத்தனை பேரும் சுற்றுலாப் பயணிகள். அதுவும் எல்லாரும் ஐந்து நட்சத்திரம். மாதேஸ்வரன்னு ஒருத்தர் வாராவாரம் வந்து ரசிச்சிருக்கார். இதை வெச்சுக்கிட்டு நான் எப்படி உங்களை ஆரோக்கியத்துல போட முடியும்?"

"நாங்க அப்படிப் பதிஞ்சாத்தானுங்க வண்டி கெளம்புது."

"அப்படிச் சொல்லாதீங்க. வெளியே தெரிஞ்சா தவறான பதிவுன்னு ஆகிடும், ஜீப்பே போயிடும். நான் கேட்கலைன்னு வெச்சுக்கறேன்." குரலைத் தாழ்த்தினார். "உங்ககிட்ட மனசு விட்டுச் சொல்றேன். பயனாளிகளை நினைச்சா வகைப்படுத்தவே முடியாது. ஒவ்வொருத்தருக்கும் ஒரு கஷ்டம் இருக்கும். நாங்க அதையெல்லாம் தாண்டி வந்துட்டோம்."

பொன்னாயி எழுந்தாள். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டாள். வரும் வழியெல்லாம், கும்பிட்டிருக்க வேண்டாம் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

மகளை முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாம் என்று முடிவு செய்து, அடுத்த திங்கட்கிழமை மெல்ல நடத்திக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. வலி ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டது, பட்டப்பகலில். பொன்னாயி பாறைமேல் ஏறி ஆம்புலன்ஸைத் தார் ரோட்டு முனைக்கு வரச்சொல்லிவிட்டு ஓடிவந்தாள். ஜீப் ஊர் முனையில்தான் நின்றது. ஈரோட்டிலிருந்து வந்த ஒரு கணவனும் மனைவியும் கோயில்காட்டைப் பார்த்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார்கள். கலைமணியைத் தாங்கலாகக் கூட்டிவந்து ஏற்றினார்கள். பெட்டி அவள் வயிற்றைப் பார்த்தது.

"மன்னிக்கவும். உங்கள் பாதுகாப்பே எங்கள் நோக்கம். இந்தப் பயணி இறங்கினால் பயணம் தொடரும்" என்றது இனிமையாக.

ஈரோட்டுக்காரி சத்யா பதறிப்போனாள். "எங்க புக்கிங்ல நாலு பேர் வரைக்கும் ஏறலாம், அதுலயே கூட்டிட்டுப் போங்க. எங்களுக்கு ஒண்ணும் பார்க்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, தன் பையையும் சால்வையையும் கலைமணியின் மடியில் குவித்து வயிற்றை மறைத்து, பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்துகொண்டாள். பெட்டி மறுபடி பார்த்தது. பச்சை விளக்கு எரிந்தது. பூபதி சாமியைக் கும்பிட்டுக்கொண்டு வண்டியை எடுத்தான். பொன்னாயி பின்னால் தொற்றிக்கொண்டாள். முதல் கல்லில் ஏறி இறங்கியதும் கலைமணி வாய்விட்டு அலறினாள்.

வண்டி நின்றுவிட்டது. "பயணி ஒருவர் அச்சத்தில் இருக்கிறார். அவர் இறங்கினால் பயணம் தொடரும்."

"கண்ணு, கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்க சாமி. சத்தம் போடாத" என்றாள் பொன்னாயி. பெற்ற மகளிடம் அப்படிச் சொல்ல வேண்டியிருந்ததே என்று நினைத்தபடியே எட்டி அவள் தலையைத் தடவிவிட்டாள். கலைமணி சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். அடுத்த வலி சேலையைத் தாண்டிக்கொண்டு வந்தது. வண்டி மறுபடி நின்றது.

வேறு வழியில்லை. கம்பளி கொண்டுவந்தார்கள், மூங்கில் வெட்டிவந்தார்கள். நாலு வருடமாகத் தூக்காமல் பழக்கம் விட்டுப்போனவர்கள் தோள் மாற்றி மாற்றித் தடத்தில் ஏறினார்கள். கலைமணி இறங்கிவிட்டதால் பயணத்துக்குத் தடை இல்லை. பெட்டி பச்சை காட்டிவிட்டது. எனவே மூங்கிலில் தொங்கும் பெண்ணுக்குப் பின்னாலேயே, சட்டப்படி, ஜீப்பும் ஏறியது. அதில் சத்யாவும் அவள் கணவனும் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார்கள். இடப்புறம் தெரியும் மிளகுக் கொடிகளைப் பற்றிப் பெட்டி சொல்லிக்கொண்டு வந்தது. பூபதி ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

பாதித் தடத்தில், ஒரு பலாமரத்தடியில், இதற்கு மேல் தூக்க வேண்டாம் என்று கலைமணி சொல்லிவிட்டாள். ஆண்கள் திரும்பி நின்றுகொண்டார்கள். சத்யா இறங்கி ஓடிவந்து மறைப்புக்குச் சேலையை ஒரு முனையில் பிடித்தாள். பெண் குழந்தை. அழுதது. பொன்னாயிக்கு ஒரு நிமிஷம் எல்லாமே நல்லபடியாக முடிந்துவிட்டதாகத் தோன்றியது. பிறகுதான் உதிரம் நிற்காததைப் பார்த்தாள். தங்கைக்கும் அப்படித்தான் நிற்காமல் போனது.

"ஏத்துங்க. வண்டியில ஏத்துங்க" என்றாள்.

ஏற்றினார்கள். கலைமணி கண்ணை மூடிச் சத்யாவின் தோளில் சாய்ந்திருந்தாள். கத்துவதற்கு அவளிடம் தெம்பு இல்லை. பெட்டி அவளை நிதானமாகப் பார்த்தது. இப்போது அவள் கர்ப்பிணி அல்ல. பச்சை விளக்கு எரிந்தது. "சாகசப் பயணம் இனிதே தொடங்குகிறது."

பொன்னாயி பிள்ளையை அவள் மடியில் வைத்தாள். விளக்கு அணைந்தது.

"மன்னிக்கவும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அனுமதி இல்லை."

சேலைக்குள் வைத்து மறைத்துப் பார்த்தார்கள். பிள்ளை அழுதது, பெட்டிக்குக் காது இருந்தது. பூபதி பெட்டியைக் கைமுட்டியால் குத்தினான், கைதான் கிழிந்தது. கலைமணியின் முகம் வெளுத்துக்கொண்டே போனது. காத்திருக்க நேரமில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தது. 

பொன்னாயி பிள்ளையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

"அம்மா" என்றாள் கலைமணி, கையை நீட்டி.

"நீ போ கண்ணு. மேல ஆம்புலன்ஸ் நிக்குது. இவளை நான் கொண்டாரேன். பின்னாலயே கொண்டாரேன், போ." பூபதியைப் பார்த்துத் தலையை அசைத்தாள். "எடு சாமி."

ஜீப் போய்விட்டது. முன்னால் வளைவில் அது திரும்பும்போது, பயணம் முடிந்ததும் தங்கள் மேலான கருத்தைப் பதிவு செய்யும்படி பெட்டி கேட்டுக்கொள்வது கேட்டது. தூக்கிவந்த ஆண்கள் கம்பளியைச் சுருட்டிக்கொண்டு அவளோடு நடந்தார்கள். யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை. பொன்னாயிக்கு அழுகை வரவில்லை, வெட்கமாக இருந்தது. யாரை நினைத்து வெட்கம் என்று அவளுக்கே விளங்கவில்லை. ஜீப் கிளப்பிவிட்டுப் போன புழுதி இன்னும் அடங்காமல் தடத்தில் நின்றது. அதில் நுழைந்தபோது பிள்ளை ஒரு தடவை தும்மியது. பொன்னாயி தலைப்பை இழுத்து அதன் முகத்தை மூடிக்கொண்டு மேலே ஏறினாள்.